பீங்கான் வளையத்தில் தொங்கிய திரைச்சீலை

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு நின்ற கை இது, மெதுவாகத்தான் எழுதும்.

தொண்ணூறாம் வருஷ வாக்கில் மூத்தவனுக்குக் கல்யாணம். அப்போது எங்கள் வீடு ஒரே நீள அறை. ஏழு பேர் படுப்போம். மருமகள் எட்டாவது ஆள். புடவை மாற்றப் பக்கத்து வீட்டுக்குப் போவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆடிக்கு அழைத்துப்போக வந்த அவள் அப்பாதான் அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரு மறைப்பு போடுங்க சம்பந்தி. ஆவணியில நானே கூட்டியாந்து பாக்குறேன். இல்லன்னா பொண்ண திரும்ப திட்டக்குடிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிறவர் அவர். திரை மாட்டக் கடை வளையம் எதற்கு என்று தன் கையாலேயே மண்ணில் பதினான்கு வளையம் செய்து சூளையில் வைத்தார். ஆவணியில் சம்பந்தி வருகிற அன்று காலையில்தான் அவை வெந்து வந்தன. பால்போல வெள்ளை. அவசர அவசரமாகத் திரைத்துணியில் தைத்தேன்.

மருமகளும் அவள் அப்பாவும் வந்து நிற்கும்போது இரும்புக் குழாயில் கோர்த்தால், ஒரு வளையமும் நுழையவில்லை. மண் வெந்தால் சுருங்கும். கம்பெனியில் அதற்கு இடம் விட்டே அச்சு செய்கிற மனுஷன், வீட்டுக் குழாயை அளந்து அதே அளவுக்குச் செய்திருக்கிறார்!

"ஊருக்கெல்லாம் சுருக்கம் பாத்து செய்யிறீங்க, வூட்டுக்கு மறந்துட்டீங்களே!" என்றேன்.

சம்பந்தி பையைத் தூக்கினார். "வாம்மா, பஸ்ஸு இருக்குது."

"செத்த இருங்கப்பா," என்றாள் மருமகள். பெட்டியைத் திறந்து தன் புதுப் பாவாடைகளின் நாடாவை உருவினாள். துண்டு துண்டாக வெட்டி, வளையத்துக்கு ஒன்றாக நுழைத்துக் குழாயைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"புதுப் பாவாடையாச்சேம்மா!"

"நாடா கடையில கெடைக்கும் அத்தே. மாமா செஞ்ச வளையம் கெடைக்குமா? இறுக்கிக் கட்டுனா நகராது, அதான் லூசா வுட்டேன். மாமா, குழாயத் தூக்குங்க."

அவர் இரண்டு முனையையும் கூரைக் கைமரத்தில் கட்டினார். அவள் இழுத்தாள். திரை கடகடவென்று ஓடியது. உள்ளே போய், பயணப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

சம்பந்தி பையைக் கீழே வைத்துவிட்டு டீ கேட்டார். நாலு மணி பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனார்.

நான் பெற்ற ஐந்தில் ஒன்றுக்கும் அந்தப் புத்தி வாய்க்கவில்லை.

பேத்தி, மூத்தவன் மகளே, இதை வாசித்துக் காட்டு. சத்தமாகவே வாசி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள்.