ஷெல் என்றே இருக்கட்டும்

நான் படித்தது கலம். யாழ்ப்பாணத்தில் எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வெங்காயத்தின் உட்தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, நுணுக்குக்காட்டியால் பார்த்தோம். செங்கல் அடுக்கியதுபோல இருந்தது. கலச்சுவர், கரு என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினோம். அதற்கு இங்கிலீசில் செல் என்று பெயர் என ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த மாதிரி ஓசையில் எங்களுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். ஷெல். அது வானத்திலிருந்து வந்து விழும்.

அப்படி விழுந்த ஒன்றின் துண்டு என் கணவரின் விலாவுக்குக் கீழே கிடந்தது. ஊரில் எடுக்க வசதியில்லை, விட்டுவிட்டார்கள். அதோடுதான் மொன்றியலுக்கு வந்தார், அதோடுதான் பக்கத்து நகரமான லவாலில் பாண் சுடும் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்கினார். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கண்டியது. பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் இளம் ஆள். பிரெஞ்சில் தொடங்கினார். நாங்கள் முழித்ததைப் பார்த்து இங்கிலீசுக்கு மாறினார். இரத்தத்தில் கெட்ட செல் நிறைய இருக்கிறது என்றார். இவர் காதில் ஷெல் என்று விழுந்தது. என் காதிலும் அப்படித்தான். இவர் உடனே போட்டிருந்த சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். டொக்டர் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். என்ன விளங்கித் தலையாட்டினாரோ! லூகேமியா என்றும் ஒரு சொல் சொன்னார். இரும்பு துருப்பிடித்து இரத்தத்தில் கறள் கலந்தால் அப்படிச் சொல்வார்களாக்கும் என்று நினைத்தோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தெரியாத இரண்டு பாஷைக்கு நடுவில் குந்தியிருந்து பார்த்தால் தெரியும்.

குழாயில் மருந்து ஏற்றினார்கள். "கறளைக் கழுவுறாங்கள். கழுவி முடியத் துண்டை வெட்டி எடுத்துவிடுவாங்கள்" என்று இவர் எல்லோருக்கும் சொன்னார். சந்தோஷமாகவே சொன்னார். எங்கள் தெருமுனையில் பால், பியர் விற்கும் தெப்பனர் கடையில் வேலை செய்த பொடியன் ஒருவன் இவருக்கு நல்ல கூட்டாளி. வரும்போதெல்லாம் பகிடி விடுவான்.

"அண்ணை, மெட்ரோவிலை கதவோரம் நிக்காதையுங்கோ. காந்தம் இழுத்துப்போடும்."

"போடா."

"இல்லை அண்ணை, பழைய இரும்புக்காரனிட்டை விலை கேட்டனான். அக்கா ஓமெண்டால் நாளைக்கே ஏத்தலாம்."

இவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த நாட்களில் நான் வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் படித்தேன். முதியோர் இல்லத்தில் வேலை எடுக்க அந்தப் படிப்பு வேண்டும். ஒருநாள் உயிரியல் பாடம். ஆசிரியை கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, நடுவில் புள்ளி வைத்து, ஏதோ பிரெஞ்சில் எழுதினார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சென்னைப் பெண்ணிடம், "இது கலமெல்லே?" என்றேன்.

"கலமா? நாங்க செல்லுன்னு சொல்லுவோங்கக்கா. பிளட்ல கூட ரெட் செல், ஒயிட் செல்லுன்னு வருமே."

"என்னெண்டு? திருப்பிச் சொல்லும்."

"செல்லுக்கா. ஏன், என்னாச்சு?"

ஆசிரியை மேலும் வட்டங்கள் கீறினார். வெள்ளைக் கலங்கள் சிலவேளை வேலையை மறந்து, முற்றாமலே பெருகுமாம். மற்றவைக்கு இடம் விடாதாம். பலகை முழுக்க வட்டமாக நிறைத்துவிட்டுக் கீழே நோயின் பெயரை எழுதினார். லூகேமியாவைப் பிரெஞ்சில் எழுதினாலும் அது லூகேமியாதான். நான் கையைத் தூக்கி, தெரிந்த பிரெஞ்சில், வெட்டி எடுக்கலாமா என்று கேட்டேன். இரத்தத்தை எப்படி வெட்டுவது என்று அவர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் யன்னலடியில் இருந்தார்.

"என்ன, வேளைக்கு வந்திட்டீர்?"

"அது இரும்பில்லை" என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "டொக்டர் சொன்னது கலத்தை. பள்ளிக்கூடத்திலை வெங்காயத் தோலிலை பாத்தமெல்லே, அது. உங்கட இரத்தத்திலை அது பழுதாப் போய்ப் பெருகுது. கான்சர்."

இவர் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப வெட்டி எடுக்கேலாது."

"ஏலாது."

"நான் சேட்டைத் தூக்கிக் காட்டேக்கை அந்த டொக்டர் என்ன நினைச்சிருப்பான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு என் கையைப் பிடித்தார்.

"இஞ்சை பாரும், ஒருத்தருக்கும் சொல்லாதையும். ஷெல் எண்டே இருக்கட்டும். ஷெல் எண்டால் வந்து பகிடி விடுவாங்கள். கான்சர் எண்டால் வாசலிலை நிண்டு மூஞ்சையைத் தொங்கப்போடுவாங்கள்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இந்த மனுசன் போகப்போகிறார், கேட்கிறது பகிடியை! ஆனால் ஓம் என்றேன்.

கடைசிவரை பகிடி நடந்தது. தலைமயிர் கொட்டியபோது, "காந்தம் மயிரையும் இழுத்துப்போட்டுது" என்றான் பொடியன். சிரிக்கப் பலம் இல்லாமல் இவர் கண்ணால் சிரித்தார். நான் ஆஸ்பத்திரி நடையில் போய் நின்று சுவரைக் குத்தினேன். உள்ளே அவர்கள் இருவரும் இரும்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்க் கத்தி அழ வேண்டும்போல இருந்தது. அழ எனக்கு இடம் தரவில்லை அந்த மனுசன்.

செத்த வீட்டில் ஒருவர் எழும்பி, ஊரில் விழுந்த ஷெல் இங்கே வந்து கொன்றுவிட்டது என்று பேசினார். சனம் தலையாட்டியது. அந்தத் துண்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. அத்தனை வருஷம் சும்மா கிடந்தது. அவருடைய சொந்த இரத்தம்தான் அவரைத் தின்றது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பொடியன் அழுதழுது வீங்கிய முகத்தோடு வந்தான்.

"அக்கா, கடைசியிலை அந்த இரும்பை எடுத்தவங்களோ?"

"இல்லையடா" என்றேன். "அது அவரோடையே போயிட்டுது."