காலையில் மூன்று கிண்ணம் மொய்ங்கா

மொய்ங்காக் கடைக்கு அரிசிச் சேமியா பிழிந்து போடுகிறவனுக்கு ஒரு வயிறு போதாது, ஒரு முகமும் போதாது. இன்றைக்குத் துறைமுகப் பக்கம் பர்மாச் சாப்பாடு தெரியாத பிள்ளை கிடையாது. நான் சொல்வது அதற்கெல்லாம் முன்னால், அரிசி ரேஷனைச் சர்க்கார் நீக்கிய புதிதில். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து ஓடிவந்த எங்களில் மூன்றே பேர்தான் துணிந்து இந்தப் பக்கம் மொய்ங்காக் கடை போட்டிருந்தார்கள். ராயபுரம் மாதாகோயில் சந்தில் செசிலி அக்கா, துறைமுக வாசலில் காதர் பாய், திருவொற்றியூரில் ஆறுமுக அண்ணன். மூன்று கடைக்கும் சேமியா என் வீட்டிலிருந்துதான்.

மொய்ங்கா என்றால் மீனும் வாழைத்தண்டும் வெந்த கெட்டிச் சாற்றைச் சேமியாவின் மேல் ஊற்றி, வறுத்த பூண்டைத் தூவி, எலுமிச்சை பிழிந்து, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது. மூன்று நாள் ஊறிப் புளித்த அரிசியை அரைத்து என் மனைவி ரெஜினா பிழிந்து தருவாள். நான் சைக்கிளில் கூடை கட்டி எடுத்துப் போவேன். அதோடு வேலை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. சேமியாக்காரன்தான் கடையின் முதல் கிண்ணத்தைக் குடிக்க வேண்டும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. "நல்லா கீது" என்பதற்கு மேல் பேசக் கூடாது. முக்கியமாக, ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கடையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கலியாணச் சாப்பாடு சாப்பிட்டு, மூன்று வீட்டாரிடமும் ஒரே சிரிப்பைச் சிரித்த அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

வின்ச்காரர் கேட்ட தண்ணி

முதல் கிண்ணம் செசிலி அக்கா கடையில். கடை என்பது அவர் அண்ணன் லூர்துவின் வீட்டு முன்னறை. கணவனை இழந்து வந்த தங்கைக்கு லூர்து விட்டுக் கொடுத்த இடம். ஆனால் கூட்டம் வரவில்லை. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன், அப்புறம் சைக்கிள் கடைக்கு வுட்ருவேன்" என்று லூர்து கெடு வைத்துவிட்டார். அக்காவுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அந்தக் கெடு எனக்கும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் கப்பலில் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாடிக்கை சேருகிறதே! அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டார், சேமியாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி உள்ளே போட்டார். சாற்றை மட்டும் உறிஞ்சினார். கண் அகலமாகத் திறந்தது. ஒரே மூச்சில் சாறு காலி. அடியில் என் சேமியா அப்படியே கிடக்கிறது, ரெஜினா விடியுமுன் எழுந்து பிழிந்த சேமியா! அவர் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டிச் சொன்னார்: "இந்த நூலெல்லாம் எட்த்துகினு அந்தத் தண்ணிய மட்டும் ஊத்து தாயி, சோக்கா கீது!"

நாலாவது வீடு

காலை பத்து மணிக்குள் மூன்று கிண்ணம் உள்ளே போனவன் மத்தியானம் எப்படிச் சோறு தின்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா ஆசையாகக் கறி ஆக்கி வைத்திருந்தாள். இரண்டு கவளம் தின்றுவிட்டு, பழக்கதோஷத்தில், அதே குரலில், "நல்லா கீது" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மூணு எடத்துல சொன்ன பொய்ய நாலாவதா என் வூட்லயும் வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?"

காதர் பாய் கடையில் மாங்காய்

காதர் பாய் கடை எப்போதும் திருவிழா. துறைமுக வாசலில் சங்கு ஊதினால் பெஞ்சு நிறைந்துவிடும். அவர் சாறு கெட்டி. கடலை மாவு தாராளம், மேலே அரை முட்டை. "அசல் ரங்கூன் ருசி" என்று தெரு முனை வரை கேட்கும்படி கூவுவார். பொய்யில்லை. ரங்கூன் படித்துறையில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் குடித்த அதே ருசிதான்.

செசிலி அக்காவுடையது அப்படி இல்லை. ரங்கூனில் போடுகிற ஆற்று மீன் இங்கே வாகாகக் கிடைக்காமல், நெட்டுக்குப்பத்து மீனவப் பெண்கள் கூடையில் கொண்டுவரும் கழிமுகத்து இறாலின் தலையை இடித்துச் சாறு எடுத்தார். எலுமிச்சைக்குப் பதில் மாங்காய். முதல் வாய் புளிக்கும், இரண்டாவது இனிக்கும், மூன்றாவதில் காது சூடாகும். மூன்று கடையிலும் நான் வழக்கத்துக்காகக் குடிக்காமல் ஆசைக்காகக் குடித்த கிண்ணம் அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவித்தேன்.

அந்தத் தவிப்பு ஒருநாள் காதர் பாய் பெஞ்சிலேயே வெளியே வந்துவிட்டது. பாதிக் கிண்ணத்தில் என்னை அறியாமல், "இதுல ரெண்டு கீத்து மாங்கா போட்டா..." என்று ஆரம்பித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பாய் அடுப்பை விட்டு நேரே என் எதிரில் வந்து நின்றார். "இன்னா சூசை, என் கடையில குந்திகினு அவ கிண்ணத்தக் குடிக்கிறியா நீ?"

திருவொற்றியூர்ச் சைவம்

அதற்குப் பிறகு மூன்று நாள் காதர் பாய் என் சேமியாவைத் தொடவில்லை. அவர் பங்கையும் சேர்த்துத் திருவொற்றியூருக்கே மிதித்தேன். ஆறுமுக அண்ணன் கடை கோயிலுக்குப் போகிற வழியில். வெள்ளிக்கிழமையும் கார்த்திகை மாதம் முழுவதும் அவர் மீன் சேர்க்க மாட்டார். வாழைத்தண்டும் பூண்டும் மிளகும்தான். மீனில்லாத மொய்ங்காவைக் குடித்துவிட்டு "நல்லா கீது" என்று சொல்வதற்குத் தனி மனோதைரியம் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறோடு மில் குமாஸ்தா ஒருவர் வந்தார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்ச் சந்தேகமாக அண்ணனைப் பார்த்தார். மீன் வாசனை! அது நேற்று மீன் வெந்த பானையின் வேலை. அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. நான் புளித்த சேமியாவின் மேல் பழியைப் போட வாயைத் திறந்தேன். அதற்குள் குமாஸ்தா ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாசனைக்கெல்லாம் பாவம் கெடையாது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அரிசிக் கப்பல்

டிசம்பர் பிறந்தது. லூர்து சைக்கிள் கடைக்காரனை அழைத்துவந்து சுவரை அளந்து காட்டிவிட்டார். அந்த வாரம்தான் பர்மாவிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பலில் எல்லாரும் அசல் பர்மாக்காரர்கள்! ராயபுரம் முழுக்க இதே பேச்சு. காதர் பாய் பெஞ்சுக்குப் புது வண்ணம் அடித்தார். "அவங்களே வந்து சொல்லட்டும், எது மொய்ங்கா, எது மீன் கொழம்புன்னு. செசிலி கடைக்கும் நானே இட்டுகினு போறேன்" என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டார்.

நான் எங்கெங்கோ அலைந்து ஆற்றுக் கெளுத்தி நாலு வாங்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "ஒரு நாளைக்கு மட்டும் பாய் மாதிரி வெச்சுடுக்கா, கடை பொழைச்சுக்கும்" என்று கெஞ்சினேன். அக்கா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இறால் தலையை இடிக்க ஆரம்பித்தார். "ரங்கூன்ல கெடச்சது ரங்கூனோட பூட்ச்சு. பத்து வருசமா எனக்குச் சோறு போட்றது இந்த ஊரு எறாதான். அவுங்க துப்பிட்டுப் போனா, நானே எங்கண்ணன் கையில சாவியக் குட்த்துர்றேன், சூசை."

சந்துக்குள் வந்த நாலு பேர்

மறுநாள் காலை நாலு மாலுமிகள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் தலை நரைத்த கப்பல் சமையல்காரர். காதர் பாய் கடையில் ஆளுக்கு இரண்டு கிண்ணம் போனது. கிழவர் கட்டை விரலைத் தூக்கி, "எங்கள் ஊர் ருசி!" என்று பர்மிய மொழியில் கத்தினார். நான் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், வாசலில் இருந்த கூலிகள் எல்லாம் துண்டை வீசி ஆரவாரம் செய்தார்கள். பாய் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார். அப்படியே அத்தனை கூட்டமும் மாலுமிகளைத் தள்ளிக்கொண்டு மாதாகோயில் சந்துக்குள் நுழைந்தது. என் கால் தரையில் படவில்லை. பயமா, குஷியா, எனக்கே தெரியவில்லை.

அக்கா கிண்ணத்தை வைத்தார். கிழவர் ஒரு வாய் குடித்து நிறுத்தினார். புருவம் சுருங்கியது. அக்கா பர்மிய மொழியில் கேட்டார், ரங்கூன் மாதிரி இருக்கிறதா என்று. கிழவர் தலையை ஆட்டினார். இல்லை. காதர் பாய் கையை உயரத் தூக்கிவிட்டார். அக்கா இடுப்புச் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார்.

கிழவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார். அவர் பேசப் பேச நான் தமிழில் கத்தினேன். குரல் உடைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை: "ரங்கூன் மொய்ங்கா எனக்கு ரங்கூன்லயே கெடைக்கும். இது இங்க மட்டும்தான் கெடைக்கும். கப்பல் நிக்கிற வரைக்கும் எங்களுக்கு இங்கதான் சாப்பாடு!"

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! கூட்டம் கிண்ணத்துக்குக் கை நீட்டியது. கொண்டுபோன சேமியா பத்து நிமிஷத்தில் தீர்ந்து, நான் வீட்டுக்குப் பறந்து ரெஜினாவையே பிழிகிற உரலோடு ரிக்‌ஷாவில் ஏற்றிவந்தேன். அதுவரை தங்கையின் கடையில் ஒரு வாய் குடித்திராத லூர்து, எல்லாரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "சைக்கிள் கடக்காரன வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன், செசிலி. தள்ளுங்கபா, வூட்டுக்காரனுக்கு மொதல்ல ஊத்தட்டும்!"

தினமும் மூன்று கிண்ணம் குடித்தும் உள்ளதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை; அதைச் சொல்ல ஒரு கிழவர் கப்பலேறி வரவேண்டியிருந்தது.