மேலுதட்டில் தடவிய மஞ்சள்

என் மேலுதட்டு முடியைப் பற்றி என்னைவிட மற்றவர்கள்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். ரப்பர் பால்மரத் தோட்டத்தை விட்டு ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அங்கேயும் அந்தக் கவலை கூடவே வந்தது.

லூமுட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொன்னார்கள். கிளம்பும்முன் மாப்பிள்ளையின் அம்மா என் காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னார்: “பொண்ணு நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துக்குள்ள அந்த மீசைய மட்டும் சரி பண்ணிருங்க. போட்டோல தெரியும்லா.” அவர் மகனுக்கு அடர்த்தியான மீசை. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ரேசர் என்றதுமே அம்மா முகத்தைச் சுளித்தார். “ஆம்பள மாதிரி மொளைக்கும்!” நூல் போட்டு எடுத்தால் கண்ணீர்தான் மிச்சம், ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடும். லேசருக்குப் பல மாதம் ஆகுமாம். கல்யாணமோ அடுத்த மாதம். கடைசியில் வேக்ஸ் என்று முடிவு செய்தேன். போட்டோவில் ஒரு முடிகூடத் தெரியக்கூடாது என்று கல்யாணத்தை ஒட்டியே வைத்துக்கொண்டேன்.

“தோலு பச்சப்புண்ணு மாதிரி இருக்கும். மஞ்சள் கிஞ்சள் போட்றாதே,” என்றார் பார்லர் அக்கா. மறுநாள் மாலை எனக்கு நலங்கு.

அம்மாவிடம் சொன்னேன். “மஞ்சள் வேணாம்னு எந்தப் பொண்ணாச்சும் சொல்லுமா? பேசாம உக்காரு.”

மற்றவர்கள் கன்னத்தில் தொட்டுவைத்துப் போனார்கள். மாமியார் மட்டும் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து அள்ளி, என் மேலுதட்டில் அழுத்தித் தேய்த்தார். “இங்கதான் நல்லா தேய்க்கணும். அப்புறம் மொளைக்கவே மொளைக்காது.” கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எரிச்சலில் உயிர் போனது. வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கல்யாணத்தன்று விடிந்தபோது கொப்புளம். மேக்கப்பை அப்பியும் மறையவில்லை. கொப்புளம் ஆறிய இடம் கறுத்துப்போய், இன்றும் மீசை போலவே தெரிகிறது. அந்தக் கல்யாணப் படத்தை மாமியார் தன் வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டியே உட்காருவேன்.

போன வருடம் அவர் குளியலறையில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனபோது, துண்டால் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். கஞ்சி கொடுக்கத் துண்டை விலக்கினேன். மோவாயெல்லாம் வெள்ளையாக, முள்முள்ளாக முடி.

“ஒரு ரேசர் வாங்கிட்டு வா ஆயி. என் மகன் வாரதுக்குள்ள,” என்று கிசுகிசுத்தார்.

கீழே கடையில் வாங்கிவந்து, திரையை இழுத்துவிட்டு, சோப்பு தடவி மழித்தேன். தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“எப்ப இருந்து அத்தே?”

“உன் கல்யாணத்துக்கு முன்னால இருந்தே.”

ரேசரை மேசைமேல் வைத்தேன். “அன்னிக்கு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

இடது கையால் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சொல்லியிருந்தா எல்லாரும் என் மொகத்தைத்தானே பாத்திருப்பாங்க,” என்றார். பிறகு திரையைத் திறக்கச் சொன்னார்.