ஆட்டுக்குக் குரல் கொடுத்தவன்

ஆட்டுக்குக் கொம்பு வேண்டாம் என்று சொன்னது என் மனைவி. கொம்பில்லாவிட்டால்தான் பார்க்கப் பாவமாக இருக்கும் என்றாள். அவளுடைய பழைய வெள்ளைப் பாவாடையைக் கிழித்து அந்த ஆட்டைத் தைத்தோம். கண்களுக்கு என் சட்டைப் பொத்தான்கள். தலைக்குள் பழைய செய்தித்தாளும் கிழங்குமாவுப் பசையும். என் தலைக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதுதான் என்றாள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் இந்த மாதிரி வசனங்களுக்குப் பஞ்சமில்லை.

நான் அப்போது மலையாள எல்லைக்குள் இருக்கும் உதியன்குளங்கரையில் ஒரு டுட்டோரியலில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகள் மறுபடியும் எழுதிப் பார்க்க வரும் இடம். டிகிரியில் தோற்ற நான் அவர்களுக்கு வாத்தியார். அனுபவசாலிதானே சொல்லிக்கொடுக்க வேண்டும். சாயங்காலங்களில் கோயில் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா என்று எங்கே மைக் இருந்தாலும் மிமிக்ரி செய்வேன். கையுறைப் பொம்மைகளும் உண்டு.

மனைவிக்கு உருப்படியான வேலை. பனச்சமூட்டுக்குப் போகும் வழியில் ஓர் எய்டட் பள்ளியில் தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். உருப்படியான வேலை என்றேனே தவிர, அதன் உயிர் ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாளில் இருந்தது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் வகுப்பில் எத்தனை தலை இருக்கிறதோ அதுதான் அந்த வருடத்துக் கணக்கு. தலை குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால், சர்வீஸ் குறைந்த டீச்சரும் கூடவே போவாள். அதனால் ஒவ்வொரு மே மாதமும் டீச்சர்மார் குடையைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாகப் பிள்ளை பிடிக்கப் போவார்கள். பை தருகிறோம், குடை தருகிறோம், பிள்ளையை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்பார்கள். முந்தின வருடம் அவள் வகுப்பு ஒரே ஒரு தலையில் தப்பியிருந்தது. வரும் ஜூனில் ஐந்து வயதாகும் எங்கள் மகளையும் அவள் இப்போதே அந்தக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டெலிவிஷன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் என் பொம்மைகளைப் பார்த்த தயாரிப்பாளர் ஒருவர், குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சிக்கு ஐந்து துண்டுகள் செய்துதரக் கேட்டார். கேபிள் வந்த புதிது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் கோட்டுப் போட்ட ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். ஒரு குடும்பம் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும். எல்லாரும் காரணமில்லாமல் கைதட்டுவார்கள். அதைக் கேலி செய்கிற சாக்கில் பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்லிவிடலாம் என்பது என் யோசனை.

கோட்டுப் போட்ட காக்கா நிகழ்ச்சி நடத்தும். டை கட்டிய பூனை, டை கட்டிய சேவல், கூட நம்முடைய ஆடு, மூன்றும் போட்டியாளர்கள். சரியாகச் சொன்னால் பரிசு ஃபிரிட்ஜ். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு கத்திரிக்காய் விழும். பூனையும் சேவலும் மலையாளம் பேசும். ஆடு மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும்:

"எனக்கு அறிஞ்சூடா சாரே, நான் தமிழ் மீடியமாக்கும்!"

எனக்குத் தெரியாது என்கிற இந்தப் பதில் என் சொந்தச் சரக்கு. ஏழாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு எட்டாம் வகுப்புக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு மலையாளப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் சார் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை. பயத்தில் இந்த வாக்கியம்தான் வாயில் வந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சாரும் சிரித்துப் பிரம்பைக் கீழே வைத்தார். அன்றைக்கே எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

மனைவிக்கு அந்த வசனம் முதலில் பிடிக்கவில்லை.

"இஞ்ச பாருங்கோ, இது எனக்க வகுப்புப் பிள்ளையளச் சொல்லுவது மாதிரி இருக்கு."

"எட்டி, கடைசியில ஆடுதானே ஜெயிக்கும்! அதுவரைக்கும் நாலு சிரிப்பு வேண்டாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை எழுதியது அவள்தான். ரப்பர் மரத்தில் பால் எப்போது நன்றாக வடியும்? பூனைக்குத் தெரியாது, சேவலுக்குத் தெரியாது. ஆடு எழுந்து நின்று சொல்லும்: "வெயில் ஏறதுக்கு முன்னே வெட்டணும் சாரே. வெயில் ஏறினா பால் நிண்ணு போவும். எனக்க அப்பன் வெட்டுக்காரனாக்கும்." அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ரப்பர் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். அவர்களிடம் கேட்டே இதை எழுதினாள். மற்ற நான்கு துண்டுகளுக்கும் இப்படி ஒவ்வொரு கடைசிக் கேள்வி எழுதித் தந்தாள். பிறகு சிரித்தாள். ஆட்டுக்குக் கழுத்தில் ஒரு சிவப்பு நூலும் கட்டிவிட்டாள்.

மார்ச்சில் இரண்டே நாளில் ஐந்து துண்டுகளையும் பதிவு செய்தார்கள். முதல் துண்டு ஓடும்போதே கேமராக்காரர் சிரித்துக் கேமராவை ஆட்டிவிட்டார். ஆட்டின் வசனத்துக்குத்தான் அத்தனை சிரிப்பும். தயாரிப்பாளர் நல்ல மனிதர், எனக்கு அவரே சாயா கொண்டுவந்து தந்தார். நேரம் போதவில்லை, கடைசிக் கேள்வியை நீக்கிவிடலாம் என்றார்.

"ஆடு தோற்கட்டே சாரே. அதிலாணு சிரி."

ஆடு தோற்பதில்தான் சிரிப்பு இருக்கிறதாம். தப்பு ஒன்றும் இல்லை, எட்டாம் வகுப்பிலிருந்து நான் அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லை, அந்தக் கடைசிக்காகத்தான் முன்னால் உள்ளதெல்லாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டிருந்தார். ஸ்டுடியோவில் ஏசி இருந்தது. யாராவது சார் என்று கூப்பிட்டுச் சாயாவும் தந்தால், ஆடு என்ன, வீட்டையே எழுதிக்கொடுத்துவிடுகிற ஆள் நான். ஐந்திலும் ஆடு தோற்றது. விழுந்த கத்திரிக்காய்க்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "கடைசிக் கேள்விக்கு ஆடு ஒழுங்காச் சொல்லிச்சா?"

"பின்னே! ஒரே டேக்கு."

மே மாதத்து முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. அவள் தன் வகுப்புப் பிள்ளைகளையும், ஜூனில் சேரப்போகிற பிள்ளைகளையும், அவர்களுடைய அம்மாமாரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். பிள்ளை பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? டீச்சரின் புருஷன் டெலிவிஷனில் வருகிறான், அதில் நம் பேச்சுப் பேசுகிற ஆடு ஜெயிக்கிறது! அவித்த கிழங்கும் மிளகுச் சம்மந்தியும் கட்டன் சாயாவும் வைத்திருந்தாள். நான் அன்றைக்கு வேலை இருக்கிறதென்று எங்கேயாவது ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எல்லாரும் சிரிப்பதைப் பார்க்கும் ஆசை.

சிரிக்கவும் செய்தார்கள். முதல் கத்திரிக்காய் விழுந்தபோது அம்மாமாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனைவி நடுவில் நின்றுகொண்டு, "கடைசி வரைக்கும் பாருங்கோ மக்களே, கடைசியிலதான் இருக்கு காரியம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கத்திரிக்காய் விழுந்தது. ஃபிரிட்ஜ் பூனைக்கு. பாட்டு வந்தது. பிறகு சோப்பு விளம்பரம்.

கிழங்குத் தட்டை மடியில் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "டீச்சரே, ஆடு எப்ப ஜெயிக்கும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் மக்கா," என்றேன்.

எல்லாரும் போனபிறகு அவள் தட்டுகளை அடுக்கினாள். "ஒரே டேக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரமும் ஆடு தோற்றது. அதற்கடுத்த வாரமும். அதற்குள் அந்த வசனம் எனக்கு முன்னால் ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் சில்லறை இல்லாதவனும் கண்டக்டரிடம் அதைச் சொன்னான். டுட்டோரியலில் என் பிள்ளைகள் ஒவ்வொரு கணக்குக்கும் அதையே விடையாகச் சொன்னார்கள். மலையாள மீடியத்தில் படித்துத் தோற்றவர்களும் சொன்னார்கள்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

மே கடைசியில் மனைவியோடு நானும் பிள்ளை பிடிக்கப் போனேன். பிராயச்சித்தமாகக் குடை பிடித்தேன். பனச்சமூடு சந்தைக்குப் பின்னால், அண்டியாபீஸில் முந்திரி தோல் உரிக்கப் போகும் ஒரு பெண்ணின் வீடு. முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து கிழங்கு தின்றவள். ஆடு எப்போது ஜெயிக்கும் என்று கேட்ட பிள்ளையின் அம்மா. வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"டீச்சரே, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேங்கோ. இவள மலையாளத்துல சேத்தாச்சு."

"நம்மகிட்ட தாறேன்னு சொன்னியளே?"

"சொன்னேன். இல்லேங்கல. பக்கத்துவீட்டுப் பிள்ளையளெல்லாம் இவள ஆடுன்னு விளிக்குதுவ. 'எட்டி ஆடு, கத்திரிக்கா வேணுமா'ங்குதுவ. நாங்கதான் படிக்கல்ல. இதும் கத்திரிக்கா வாங்கணுமா, சொல்லுங்கோ."

மனைவி சொன்னாள்: "அது வெறும் பொம்மையாக்கும். பிள்ளையளுக்கு ஒரு தமாசு."

"எனக்குத் தெரியாதா, அண்ணன் எங்களச் சிரிப்பிக்கத்தான் செய்தாவ." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் கொஞ்சமும் கோபம் இல்லை. "அண்ணனுக்கு நல்ல கழிவும் திறமையும் உண்டு கேட்டியளா. அந்த ஆடு பேசும்போ எனக்க வீட்டுக்காரன் பேசது மாதிரியே இருந்து."

நான் என்னைத்தான் கேலி செய்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வந்தது. எட்டாம் வகுப்பு, பிரம்பு, எல்லாம் சொல்லி விளக்கலாம் என்று தோன்றியது. விளக்கினால் அதற்கும் சிரித்திருப்பாள். குடையை மடக்கினேன், மழை நிற்கவில்லை என்று மனைவி சொன்னபிறகு விரித்தேன். அதன்பிறகு ஐந்து வீடுகள். எல்லா வீட்டிலும் எனக்கு நல்ல மரியாதை, ஒரு வீட்டில் பலாச்சக்கை வறுத்ததுகூடத் தந்தார்கள். பிள்ளையை மட்டும் யாரும் தரவில்லை.

ஆறாவது வேலை நாளில் எங்கள் மகளையும் சேர்த்து எண்ணியும் மூன்று தலை குறைந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை எண்ணினாராம். சின்ன வகுப்பு, ஒரு தடவையே போதும். மனைவி சாயங்காலம் சாக்பீஸ் டப்பாவையும், சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ அட்டைகளையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்றேன். இந்தச் சமயத்துக்கென்று ஒரு தமாசு யோசித்து வைத்திருந்தேன். நல்லவேளை, மறந்துபோயிற்று.

மிச்சமிருந்த பிள்ளைகளைப் பக்கத்து மலையாள வகுப்பில் உட்கார வைத்தார்கள். எங்கள் மகளும் அவர்களோடு போனாள். முதல் நாள் எப்படி இருக்குமோ என்று எனக்குப் பயம். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். மலையாளம் தெருவில் கேட்டது மட்டும். சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்பா, டீச்சர் எங்கிட்ட கேள்வி கேட்டாவ. எனக்கு விளங்கல்ல."

"பிறகு?"

நிமிர்ந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆட்டின் குரலில், என் குரலில், சாரை மட்டும் டீச்சராக மாற்றிச் சொன்னாள்.

"எனக்கு அறிஞ்சூடா டீச்சரே, நான் தமிழ் மீடியமாக்கும்! அப்பா, எல்லாரும் சிரிச்சினும்! டீச்சரும் சிரிச்சாவ! நாளைக்கும் சொல்லச் சொல்லியிருக்கினும்!"

சிரிக்கச் சொல்லிக் கண்ணால் கேட்டாள். எனக்கு வராத சிரிப்பா! கோயிலில், சர்ச்சில், சாவு வீட்டில்கூடச் சிரிப்பு வரவழைத்தவன் நான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கொள்ளாம், நல்லாயிருக்கு. அப்பனுக்க பிள்ளயாக்கும்."

பிறகு களைந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு, மகளுக்குச் சட்டை மாற்ற உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.