தீபாவளிக்குப் பிறகு ஓர் எருக்குவியல்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் போகும் இன்னொரு பஸ், இறங்கியபின் கருவேல மரங்களுக்கிடையே நடை. அந்த வேலையில் இருந்தவரை என் நாள் இப்படித்தான் தொடங்கியது. அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. நான் விவசாயம் படித்திருந்தேன். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. கோழி எருவை மக்கவைத்துப் போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் அந்தப் பக்கம் பிராய்லர் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. எரு மலிவாகக் கிடைத்ததால் டிராக்டரில் வாங்கிவந்து பச்சையாகவே நிலத்தில் கொட்டினார்கள். பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் மழையில் கரைந்து ஓடைவழியே கண்மாயில் சேர்ந்தது. நான் போன ஊரின் கண்மாய், பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோலக் கிடந்தது. எருமைகள் கரைவரை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

இதைச் சொல்ல ஆள் வேண்டுமே. நான் போய்ச் சேரும்போது ஊர் காலியாக இருக்கும். பட்டாசு ஆலையை அங்கே பயர் ஆபீஸ் என்பார்கள். விடிந்ததும் பயர் ஆபீஸ் வேன்கள் வந்து எல்லாரையும் ஏற்றிப் போய்விடும். ஆடுகளிடமும் படுத்த படுக்கையான கிழவர்களிடமும் பேசிப் பயனில்லை என்று, சாயங்காலம் வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். கையெல்லாம் வெள்ளிநிறத் தூளோடு பெண்கள் இறங்கினார்கள். கொஞ்சநேரம் நின்று கேட்டார்கள். அப்புறம் ஒருத்தி சொன்னாள்:

“டீச்சர், பகல் பூராம் அங்கன வெடிமருந்த அள்ளுறோம். வீட்டுக்கு வந்து கோழிப்பீயவும் அள்ளச் சொல்லுறீகளா?”

கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுவாரம் அவளேதான் என்னைக் கூப்பிட்டாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கும் அவள் கணவருக்கும் கிணற்றுப் பாசனத்தோடு கொஞ்சம் நிலம் இருந்தது. இருவரும் ஒரே பயர் ஆபீஸில் வேலை பார்த்தார்கள்.

“போன வருசம் பச்சை எருவப் போட்டு மிளகா நாத்து பூராம் கருகிப் போச்சு. நீங்க சொல்லுறத செஞ்சு பாப்போம். ஆனா இப்ப சீசன், ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கு. தீபாவளி கழிச்சு ஆபீஸ அடச்சிருவாக. அப்ப வாங்க.”

காத்திருந்தேன். தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடிக் கிடந்த நாட்களில் குவியல் போட்டோம். ஓர் அடுக்கு கோழி எரு, அதன்மேல் நறுக்கிய மக்காச்சோளத் தட்டை, கடலைத்தொலி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம். மழை கரைத்துவிடாமல் மேலே கிழிந்த தார்ப்பாய். அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அம்மா என் துணியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, “இதுக்குத்தானா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனோம்?” என்றாள். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

குவியலைப் புரட்டிப் போடவேண்டிய நாள் வந்தது. காலையில் நல்ல பனி. வேலையில்லாமல் இருந்ததால் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அக்காவின் கணவர் தார்ப்பாயை விலக்கி, மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி குபுகுபுவென்று எழுந்தது.

“ஏலே, புகையுது! ஓடுங்கலே!”

மம்பட்டியை எறிந்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதற்குமுன்பே ஓடியிருந்தார்கள். குவியலின் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

“அது புகை இல்லக்கா, ஆவி. மக்கும்போது சூடாகும்” என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. நம்பவைக்க வேறு வழி தெரியாமல் கையைக் குவியலுக்குள் விட்டேன்.

“கைய எடுங்க! எடுங்க டீச்சர்!” என்று அக்கா அலறிய அலறலில் நானே பயந்து கையை எடுத்துவிட்டேன். கை சிவந்திருந்தது.

அவள் வேப்பமரத்தடியில் தரையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்தபின் மெதுவாகச் சொன்னாள்: “ஆபீஸ்ல எங்க ரூமுக்கு அடுத்த ரூமுல புகை இப்படித்தான் வந்துச்சு. வெள்ளையா. வெளிய பாஞ்சவுக பொழச்சோம்.” அந்த மக்களுக்கு எதையெதையோ விளக்கியிருந்தேன்; குவியல் ஆவி விடும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் நான் ஒருத்தியேதான் புரட்டினேன். மதியம் வெயில் ஏறி, ஆவி கண்ணுக்குத் தெரியாமல் போனபின் அக்கா வந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டாள். அடுத்தடுத்த முறைகளிலும் அவள் மதியத்தில்தான் வந்தாள்.

தை பிறந்து வேன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. கடைசித் தடவை புரட்ட அவள் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார். குவியல் பாதியாய் அமுங்கி, கறுத்து, நாற்றம் போய், மழைமண் வாசம் அடித்தது. மாசியில் கத்தரிக்குப் போட்டார்கள். ஒரு நாற்றும் கருகவில்லை. காய் நன்றாகவே பிடித்தது.

பார்க்க வந்தவர்கள் என்னிடம், “எங்க காட்டுக்கும் நீங்களே வந்து கிண்டித் தருவீகளா?” என்றார்கள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்கள். நான் ஒருத்தி எத்தனை நிலத்தில் கிண்டுவது? எரு விற்ற கோழிப்பண்ணைக்காரரிடம் போய், பண்ணையிலேயே மக்கவைத்து விற்கலாமே என்றேன்.

“பச்சையாவே அள்ளிட்டுப் போக ஆள் வரிசையில நிக்கும்போது நான் எதுக்குத் தாயி மெனக்கெடணும்?” என்றார். விடாமல் போய்க்கொண்டே இருந்ததில், ஓடைக்கரையில் குவித்த எருவை மட்டும் மேட்டுக்கு மாற்றி, சுற்றி ஒரு வரப்புப் போட்டார். அதற்கே பல மாதம் ஆயிற்று. கண்மாய் பச்சையாகவே இருந்தது.

பிறகு எங்கள் நிறுவனத்தில் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். வேன் வந்து நின்றது. எல்லாரும் இறங்கியபின்னும் அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் தட்டி எழுப்பினாள். இறங்கி வந்து நான் சொன்னதை நின்று கேட்டாள்.

“இந்தத் தீபாவளி கழிச்சு மூணு வீட்டுல குவியல் போடுறதாப் பேசியிருக்கோம்” என்றாள். “கிண்டுறத நாங்க பாத்துக்கிருவோம். உங்க கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, டீச்சர். போய்த் தூங்குங்க.”

பஸ்ஸில் இடம் கிடைத்தது. சிவகாசி வந்து கண்டக்டர் எழுப்பும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.