என் மகளுக்கு நான் பேசிய தரகு

மலையாள எல்லையில் இருக்கிற எங்கள் வேலந்தாவளம் சந்தையில் மாடு விற்க வந்தவன் வாயிலிருந்து ஒரு குறை வராது, வாங்க வந்தவன் கண்ணில் ஒரு நல்லது படாது. நடுவில் நின்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கத்துகிறவன்தான் மாட்டுத் தரகன். அந்த ஆள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மாட்டின் பல்லைப் பார்த்தும் மனுசன் மூஞ்சியைப் பார்த்தும்தான். அந்தப் பேச்சை வைத்து ஒரு வீடு கட்டினேன், கூடவே கொஞ்சம் கோபத்தையும் வளர்த்துக்கொண்டேன்.

என் மகள் நித்யாவுக்கு ஏழு வயது. பிறந்தபோது அவள் அழ நேரமாகிவிட்டது. அதில் வலது கையும் காலும் இறுகிப்போயின. சுவரைப் பிடித்து நடப்பாள். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும். புத்தியைக் கேட்டால், என்னை விற்று வாங்கிவிடுவாள். இவளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடமும், கூடமாட ஒரு ஆளும் பேசி முடிக்கப் போய்ப் பட்ட பாடு இது. இடுப்பில் பிள்ளையும் கக்கத்தில் ஃபைலுமாக ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடக்கிற தாய் தகப்பன்மாரே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகட்டும்.

முகாமில் விற்றது

கோடை விடுமுறையில் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு முகாம் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்து, யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யாருக்கு நடைவண்டி வேண்டும், யாருக்குக் கை கால் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். வரிசை வாசல் தாண்டி மாமரம் வரை நின்றது. எங்கள் முறை வந்ததும் டாக்டர் மலையாளத்தில் கேட்டார், நடப்பாளா என்று. நூறு பேர் நிற்கிற இடத்தில் என் மகளைப் பற்றி ஒரு ஆள் கேட்கிறார், என் வாய் சும்மா இருக்குமா? “நடக்கறதா? ஓடுவாளுங்க,” என்றேன். எழுதுவாளா? முத்து முத்தாக எழுதுவாள். தானாகச் சாப்பிடுவாளா? எனக்கே ஊட்டிவிடுவாள்.

நித்யா என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். டாக்டர் பாவம், அத்தனையையும் நம்பி, ரொம்ப சந்தோஷப்பட்டு, இந்தப் பிள்ளைக்கு எந்த உதவியும் தேவையில்லை என்று எழுதிவிட்டார். நாற்காலி அடுத்த பிள்ளைக்குப் போனது. மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். என் சம்சாரம் செல்வி கேட்டாள்: “ஏனுங்க, நம்ம புள்ளைய இங்க விக்கறதுக்கா கூட்டிட்டு வந்தோம்?”

பள்ளிக்கூடத்தில் வாங்கியது

அடிபட்டவனுக்குத்தான் பாடம் ஏறும். ஜூனில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது உறுதியாக இருந்தேன், இந்தத் தடவை ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாது. தலைமை ஆசிரியை நித்யாவின் கன்னத்தைத் தட்டி, “சேர்த்துக்கலாங்கண்ணா, ஒண்ணாங்கிளாஸ்ல புள்ளைங்களே கம்மி,” என்று பேனாவை எடுத்தார். காரியம் அங்கேயே முடிந்திருந்தது. நான் விடவில்லை. சுழி பார்க்கிற வியாபாரி மாட்டைச் சுற்றி வருகிற மாதிரி மகளைச் சுற்றி வந்து ஆரம்பித்தேன். கால் மடங்காது. கை நடுங்கும். சோறு சிந்தும். தனியாகக் கக்கூஸ் போக முடியாது. பேசினால் பாதி புரியாது. இடி இடித்தால் பயந்துபோய், உட்கார்ந்திருக்கிற நாற்காலியோடு கீழே விழுவாள்.

பேனா மேசைக்கே திரும்பிப் போனது. உதவிக்கு ஆயா இல்லை, வாசலில் படிகள் வேறு. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்: பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும், பிள்ளை வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருநாள் அரசாங்கத்து டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மகளின் பெயர் மட்டும் பள்ளிக்கூடம் போய் வருமா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இத்தனையும் நீங்களே சொல்லிட்டு, எந்தத் தைரியத்துல நான் இவளப் படியேத்தறதுங்கண்ணா?”

மேசைக் கால்

மறுநாளே பி.ஆர்.சி. ஆபீசுக்குப் போனேன். பள்ளிக்கூடங்களுக்கு ஸ்பெஷல் டீச்சர்களைப் பிரித்து அனுப்புகிற ஆபீஸ் அது. ஆபீசர் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். நான் உட்கார்ந்தேன், நின்றேன், ஓணம் கழிந்துதான் இந்த மாதிரி விஷயங்களை மறுபடி பார்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னதும் முன்னாலிருந்த மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சந்தையில் அந்தத் தட்டுக்குக் காளையே திரும்பிப் பார்க்கும். இங்கே பியூன் மட்டும் நிமிர்ந்தார். ஃபேனுக்குப் பறந்த காகிதங்களைப் பொறுமையாகப் பொறுக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அண்ணா, அடிக்கறதுன்னா அந்தப் பக்கமா அடிங்க, இந்தப் பக்கம் கால் ஒடிஞ்சு செங்கல்லுல நிக்குது.”

வியாழக்கிழமை டீச்சர்

வேறு வழியில்லாமல் தலைமை ஆசிரியை சொன்ன வழிக்கே ஒத்துக்கொண்டேன். அப்படி வீட்டுக்கு வந்தவர் ஷைனி டீச்சர். டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மலையாளம், நடுநடுவே எங்கள் தமிழ். வந்த முதல் வியாழக்கிழமை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட அட்டைகளைப் பரப்பி, ஒன்றை எடுத்து நித்யாவிடம் காட்டினார். இது என்ன? நித்யா வாயைக் குவித்துக்கொண்டிருக்கும்போதே நான் சொன்னேன், “பசு. ரெண்டு ஈத்து இருக்கும்.” அடுத்த அட்டை. “காளை. வண்டிக்கு ஆகாது.” டீச்சர் எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

நான் உள்ளே போய்ச் சொம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு நித்யாவின் குரல் வந்தது. “இது… எங்க மாடு… இல்ல. எங்க மாடு… கறுப்பு. கன்னு… போட்டிருக்கு.” இவ்வளவு நீளமாக என் மகள் பேசி நான் கேட்டதே கிடையாது. சொம்பும் கையுமாக ஓடி வந்து, “ஆமாங்க டீச்சர், போன மாசந்தான் போட்டுது, கெடாரிக் கன்னு,” என்று ஆரம்பித்தேன். டீச்சர் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தார். தண்ணீரைத் தொடவே இல்லை. சொன்னார்: “சேட்டா, எனக்கும் மோளுக்கும் நடுவுல தரகர் வேண்டா.”

மருதாசலம் தோற்றது

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இரண்டு கைகளையும் ஒரு துண்டு மூடும்; உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். இவன் மூன்று விரலைப் பிடிப்பான், அவன் உதறிவிட்டு இரண்டைப் பிடிப்பான். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். சாயங்காலம் நான் வீடு திரும்பினால் நித்யா இடது கையை நீட்டுவாள், துண்டைப் போடுவேன், எத்தனை தேன்மிட்டாய் என்று பேரம் நடக்கும். இதைப் பார்த்த ஷைனி டீச்சர், அந்த விளையாட்டை இனிமேல் வலது கையில் விளையாடச் சொன்னார். வெளியே நீட்டச் சொன்னால் அந்தக் கை கல்லாகிவிடும். துண்டுக்கு அடியில் அது நடுங்குவதை யாரும் பார்க்க முடியாதல்லவா, மெல்ல மெல்லப் பிரிந்தது. ஓணம் வருவதற்குள் ஒரு விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் முழுக் கையையும் பிடித்தாள். அன்றைக்கு நான் தொழுவத்தில் போய் மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு தரகு பண்ணும் மருதாசலம் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். சந்தையில் எமகாதகன். சின்னப் பிள்ளைதானே என்று துண்டுக்குள் கையை விட்டவன், கொண்டுவந்த தேன்மிட்டாய்ப் பொட்டலம் காலியான பிறகுதான் கையை எடுத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “ஏப்பா, இந்தப் புள்ளையச் சந்தைப் பக்கம் மட்டும் கூட்டிட்டு வந்துராத, நம்ம பொழப்புல மண்ணு விழுந்துரும்.”

துண்டுக்கு அடியில்

ஓணம் கழிந்து பி.ஆர்.சி.யில் கூப்பிட்டார்கள். நித்யா வீட்டிலேயே இருப்பதா, பள்ளிக்கூடத்துக்குப் போவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். அந்தச் செங்கல் மேசைக்கு அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் தலைமை ஆசிரியை, ஷைனி டீச்சர், நாங்கள் மூன்று பேர். உள்ளே நுழைவதற்கு முன்னால் செல்வி என் தோளிலிருந்து துண்டை உருவி என் கையில் திணித்து, பேச்சு வந்தால் இதைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றாள். மேடம் நல்ல தமிழில் நித்யாவிடம் கேட்டார், வீட்டில் படிப்பது எப்படி இருக்கிறது? நித்யா வாயைக் குவித்தாள். ஃபேன் சுற்றுகிறது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் துண்டைக் கடித்தேன். கடைவாய்ப் பல் வரை உள்ளே போனது. அப்போது வந்தது: “டீச்சர்… நல்லா இருக்கு. வீடு… தனியா இருக்கு.”

மேடம் ஃபைலைத் திறந்தார். பிறகு, ஆயா ஒருவரை ஏற்பாடு செய்யலாம், ஆனால் முதலில் வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடம், மற்ற நாள் வீடு என்று பார்க்கலாம் என்றார். ஐந்து நாளும் ஆயா இருந்தால் ஐந்து நாளும் சேர்த்துக்கொள்ள எனக்குச் சம்மதம் என்றார் தலைமை ஆசிரியை. அதைப் பிறகு யோசிக்கலாம் என்று மேடம் ஃபைலை மூடப் போனார். நித்யா என் வாயிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். அந்த ஈரத் துண்டைத் தன் வலது கைமேல் போட்டு, அந்த இறுகின கையை, மேசைக்கு மேலே மேடத்தை நோக்கி நீட்டினாள்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “கையை உள்ள விடுங்க மேடம், சந்தையில இப்படித்தான் பேசுவாங்க,” என்றார் ஷைனி டீச்சர். மேடம் விட்டார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசத்தில் நான் வெளியே நின்று பார்த்த முதல் பேரம். மேடம் முதலில் சிரித்தார், அப்புறம் ஏதோ பண்ணிப் பார்த்தார், அப்புறம் முகம் மாறியது. நித்யாவின் நெற்றியில் வேர்வை. கண் மட்டும் மேடத்தை விட்டு நகரவில்லை. மேடம் ஷைனி டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: “நான் ரெண்டு விரலப் பிடிச்சா உதறிடறா, அஞ்சையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா. அஞ்சு நாளும் ஆயான்னே எழுதுங்க.”

லாரிப் பலகை

இரண்டாவது முகாமுக்கு நித்யாவைச் செல்வி மட்டும் கூட்டிப் போனாள். என்னை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டாள். நாற்காலி கிடைத்தது. படிக்குச் சாய்வுத்தளம் கட்டப் பணம் வர நாளாகும் என்றார்கள். நாளாகட்டும், மாட்டை லாரியில் ஏற்றுகிற பலகை என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற முதல் நாள் காலையில் அதைக் கழுவிக் கொண்டுபோய்ப் படிமேல் போட்டேன். ஆயா தள்ள, நாற்காலி கடகடவென்று ஏறியது. தலைமை ஆசிரியை கை தட்டினார், ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கியது.

வகுப்பு டீச்சரிடம் நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நானும் பலகையில் கால் வைத்தேன். இடி இடித்தால் பயப்படுவாள், சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும், கணக்கில் கெட்டி, இப்படி எவ்வளவோ இருந்தது. நித்யா நாற்காலியைத் திருப்பச் சொல்லி ஆயாவின் சேலையை இழுத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “அப்பா… சந்தைக்கு… நேரமாச்சு… போங்க.”

எத்தனையோ மாடுகளைக் கை மாற்றிவிட்டிருக்கிறேன், நான் வாயே திறக்காமல் இவ்வளவு நன்றாக முடிந்த பேரம் இது ஒன்றுதான், பாருங்கள், அதற்கு யாரிடம் தரகு கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.