கைக்கடிகாரத்தில் ஒன்றாம் தேதி

லாட்ஜ் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவளுக்கு, முப்பது நாளோடு முடிகிற மாதம் என்றாலே வயிற்றெரிச்சல். மறுநாள் காலையில் புருஷனுடைய கைக்கடிகாரம் முப்பத்தொன்று என்று காட்டும். அதைத் தன் கையாலேயே ஒன்றாம் தேதிக்குக் கொண்டுவந்தால்தான் அவருக்கு விடியும்.

பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, பொத்தான் மாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அவள்தான். கடிகாரத்தில் மட்டும் அவள் விரல் படக்கூடாது. முழங்கால்களுக்கு நடுவே அதை இடுக்கிக்கொண்டு, இடது கையால் அதன் பக்கவாட்டில் இருக்கும் திருகை லேசாக இழுத்து, தேதியை நகர்த்துவார். வழுக்கி ஒரு தேதி தாண்டிவிட்டால் பின்னால் வர முடியாது. மாதம் முழுவதையும் சுற்றி வரவேண்டும். அவரைத் தனியாக விட்டுப் போக மனசு வராமல், வேலைக்குப் போகிற பஸ் தெருமுனையில் கிளம்பும் சத்தத்தைக் கேட்டபடி அவள் நிற்பாள்.

காரணம் இல்லாமலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் தேதியைத்தான் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாலும் போதும். கை போனது போகட்டும், புத்தியும் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

இந்தத் தடவை ஒன்றாம் தேதியே ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அரை நாள் வேலையாவது பார்த்துவிட்டு வரலாமே என்று, அவர் எழுவதற்கு முன்பே அவள் கடிகாரத்தை எடுத்தாள். திருகைக் கடைசிவரை இழுத்து முட்களையே சுற்றினாள். தேதி ஒன்றுக்கு வந்தது. நேரம் கொஞ்சம் தாண்டிவிட்டது. பின்னால் திருப்பினால் கெட்டுப்போகுமோ என்று முன்னாலேயே இன்னொரு சுற்று சுற்றி, நேரத்தைச் சரியாக நிறுத்தினாள். அந்தச் சுற்றில் கடிகாரத்தின் கணக்கில் காலை மாலையாகிவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுந்ததும் அவர் பார்த்தார். “ஒண்ணா? நான் எப்ப மாத்துனேன்?”

“நீங்கதான். தூக்கக் கலக்கத்துல மறந்திருப்பீங்க” என்றாள், வாய் கூசாமல்.

மதியத்துக்கு மேல் டாக்டர் தேதி கேட்டார். புருஷன் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு” என்றார். டாக்டர் அவளைப் பார்த்தார். “ஒண்ணு” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. புருஷன் கடிகாரத்தை இடது கையால் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். “இனிமே நீயே வச்சுக்க. காலையில ஒண்ணுன்னு பாத்தேன். மாத்துனது ஞாபகம் இல்ல. நடுவுல ஒரு நாள் எங்க போச்சுன்னும் தெரியல. எனக்கு மூளையும் போயிடுச்சு.”

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இனி பஸ் தவறாது, காத்துக்கிடக்க வேண்டாம். அவளுக்கு அவ்வளவு அசதி, அதை நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான்தாங்க மாத்துனேன். நீங்க தூங்கும்போது.”

அவர் அவள் மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “திருகை எவ்வளவு இழுத்த?”

“வந்த மட்டும்.”

“முள்ளைச் சுத்துனியா?”

“நேரம் தாண்டிடுச்சுன்னு இன்னொரு சுத்தும்.”

“அதான் பட்டப்பகல்ல தேதி மாறியிருக்கு.” கோணிய வாயோடு அவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. “அப்ப என் தலைக்கு ஒண்ணும் இல்ல?”

“ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

“சரி, கொண்டா இப்படி.”

கடிகாரம் மறுபடி முழங்கால்களுக்கு நடுவே போனது. முதலில் முட்களை ஒரு சுற்று சுற்றி மாலையாக்கினார். பிறகு இரண்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தேதியை நகர்த்தினார். அடுப்பு பற்றவைக்கவில்லை, அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. முப்பத்தொன்றுக்கு வந்தது. விரல் வழுக்கி, ஒன்றைத் தாண்டி மறுபடி இரண்டில் நின்றது.

அவர் பயந்துபோய் அவளைப் பார்த்தார்.

“மெதுவா சுத்துங்க” என்று சொல்லி அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள்.